பிடிக்கு ஒரு பேர்

எங்கள் கோயில் பிரதிஷ்டை பண்டிகைக்கு இந்த வருஷம் மலர் ஒன்று போட்டார்கள். வழவழப்பான தாள், நூற்றுப்பத்துப் பக்கம். உள்ளே 'சபையின் விசுவாசத் தூண்கள்' என்று பதினாறு பேருடைய படம். மைக் செட் வாங்கிக் கொடுத்தவர் ஒரு தூண். ஏசி மாட்டிக் கொடுத்தவர் ஒரு தூண். துபாயில் இருந்துகொண்டு பத்து வருஷமாகக் கோயில் வாசலையே மிதிக்காத ஒருத்தர் இன்னொரு தூண், அவருக்கு முழுப் பக்கம், கலரில். ஞானப்பூவின் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை புரட்டினேன். இல்லை. ஒரு வரி இல்லை. வந்த ஆத்திரத்தில் மலரை நாலாக மடக்கிச் சாமான் அறையில் ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கடியில் செருகினேன். இப்போது மேசை ஆடுவதில்லை. அந்த மட்டுக்கும் அதனால் பிரயோஜனம்.

அதனால் நானே எழுதுகிறேன். என் பெயர் தேவசித்தம். சங்கரன்கோவிலில் கழுகுமலை ரோட்டை ஒட்டியிருக்கிற எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் இருபத்தாறு வருஷமாக மணி அடிக்கிறவன், கூட்டுகிறவன், விளக்குப் போடுகிறவன். பத்தாம் வகுப்புவரை படித்தேன், பாஸ் ஆகவில்லை. எனக்குக் கோபம் வரும், வந்தால் அதை மறைக்கிற பழக்கமும் கிடையாது. யார் யாரையோ திட்டப்போகிறேன் என்று பயப்பட வேண்டாம். இதில் அதிகமாகத் திட்டு வாங்கப்போகிறவன் நான்தான்.

ஞானப்பூவுக்கு இப்போது ஐம்பத்தொரு வயசு. விசைத்தறி ஷெட்டில் தார் சுற்றுகிறாள், அதாவது தறிக்குள் ஓடுகிற நூலைச் சின்னக் கட்டைகளில் சுற்றிக் கொடுக்கிற வேலை. அந்த ஷெட்டில் நாற்பது தறி. சுவிட்சைப் போட்டுவிட்டால் பக்கத்தில் நிற்கிறவன் காதைக் கடித்தாலும் சத்தம் கேட்காது. அந்த இரைச்சலுக்குள் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் ஆண்டவரோடு பேசிக்கொண்டிருப்பாள். முணுமுணுப்பது இல்லை, முழுத் தொண்டையில் பேசுவாள். ஒரு தடவை கோயில் சமாச்சாரம் சொல்லப்போனவன் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்று கேட்டேன். "ஆண்டவரே, முந்தாநாளே சொன்னேன்லா? மாரிசெல்வி புள்ளைக்கு இன்னும் காய்ச்ச விடல. அங்கன உக்காந்து என்னதான் செய்யுதீரு?" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். ரேஷன் கடையில் சீனி இல்லை என்று சொன்னவனிடம் கேட்கிற அதே தோரணை. மாரிசெல்வி அவளுக்கு அடுத்த மெஷினில் வேலை பார்க்கிறவள், எங்கள் சபைக்காரி இல்லை. அதைப் பற்றி ஞானப்பூவுக்கு என்ன?

ஷெட் முதலாளி ஆறுமுகச்சாமி அண்ணாச்சி என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார். "தேவசித்தம், இந்தப் பொம்பள ஒங்க சாமிய ஒரு நிமிசம் சும்மா இருக்க விடமாட்டேங்காளே. பாவம்வே அவரு."

இன்னொரு பழக்கமும் அவளிடம் உண்டு. எங்கள் பெண்கள் எல்லாருக்கும் உள்ளதுதான், கைப்பிடி அரிசி. உலை வைப்பதற்கு முன்னால், களைகிற அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கோயிலுக்கென்று தனி டின்னில் போடுவது. மாசக் கடைசி சனிக்கிழமை டின்னைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். பாதி ஏலத்துக்கு, மீதி மணி அடிக்கிறவனுக்கு. அதாவது எனக்கு. நிறையப் பேர் இப்போது சீரியலில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டுதான் அந்தப் பிடியைப் போடுகிறார்கள், சிலர் மாசக் கடைசியில் மொத்தமாக ஒரு படி அள்ளிவந்து கொட்டிவிட்டுப் போகிறார்கள். ஞானப்பூவுக்கு அது ஆகாது. ஒவ்வொரு பிடிக்கும் ஒரு பேர் சொல்ல வேண்டும். இந்தப் பிடி இன்னாருக்காக என்று சொல்லி, அந்த ஆளை மனசில் வைத்து ஜெபித்த பிறகுதான் கை விரியும். பேர் வராவிட்டால் கை மூடியபடியே இருக்கும், உலை கொதித்துக் கொட்டினாலும் சரி.

அவளுடைய மாப்பிள்ளை, அதாவது புருஷன், சற்குணம். பனவடலிசத்திரத்துக்காரன், தறி ரிப்பேர் பார்க்கிறவன், அதே ஷெட்தான். தங்கமான மனுஷன், ஆனால் பொறுக்கமாட்டான். கொரோனா அடங்கின மறுவருஷம் கோயிலுக்கு முன்னால் வளைவு கட்டுவது என்று சபைக் கூட்டம் போட்டார்கள். வளைவில் பதிக்கிற கல்லில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று பேச்சு. நாலு மணி நேரம் பேசினார்கள். நான் மூன்று தடவை காபி ஊற்றினேன். ஆண்டவருடைய வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு எழுத்து எத்தனை இன்ச் என்று அடித்துக்கொண்டார்கள், வெட்கம் கெட்டவர்கள். கடைசியில் சற்குணம் எழுந்தான்.

"நாலு மணி நேரமா பேசுதோம். ஆரம்பத்துல ஜெபம் பண்ணுனது ரெண்டு நிமிசம். அந்தக் கல்லுல கர்த்தரு பேருக்கு ஒரு ஓரமாவது எடம் இருக்கா, இல்ல அவரு வெளிய நிக்கணுமா?"

செக்ரட்டரி எபனேசர் சார், ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். "உக்காரும்வே" என்றார், ஐந்தாம் வகுப்புப் பையனிடம் சொல்கிற மாதிரி. சற்குணம் உட்காரவில்லை. நேரே போய், மேசைமேல் விரித்திருந்த வளைவுப் படத்தை எடுத்து இரண்டாகக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே போனான்.

அவ்வளவுதான். ஆறு மாசம் சபை ஒழுங்கு நடவடிக்கை என்று நோட்டீஸ் பலகையில் எழுதி ஒட்டினார்கள். ஒட்டியவன் யார்? நான்தான். பசை காய்ச்சினதும் நான்தான்.

மூன்றாவது மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, தறிக்கு அடியில் படுத்து நட் முடுக்கிக்கொண்டிருந்த சற்குணம் எழுந்திருக்கவே இல்லை. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை. ஐம்பத்து மூன்று வயசு.

எங்கள் கோயிலில் ஒருத்தர் இறந்தால் துக்க மணி அடிப்போம். செத்தவருக்கு எத்தனை வயசோ அத்தனை அடி. ஊருக்குள் கேட்கிறவர்கள் எண்ணிப் பார்த்தே யாரென்று தெரிந்துகொள்வார்கள். சேதி வந்ததும் நான் மணிக்கூண்டுக்கு ஓடிக் கயிற்றைப் பிடித்துவிட்டேன். அதற்குள் எபனேசர் சாருடைய ஸ்கூட்டர் வந்து நின்றது.

"நடவடிக்கையில இருக்கவனுக்கு மணி கெடையாது. ரூல் ரூல்தான்" என்றார்.

"சார், செத்தவன் மேல என்ன சார் நடவடிக்கை?"

"ஒமக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

நான் கயிற்றை விட்டேன். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. கத்தியைக் காட்டவில்லை. நானேதான் விட்டேன். இதை எழுதும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல வருகிறது.

குருவானவரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வோம். அப்போது இருந்த ஐயர் வாயில்லாத மனுஷன், சாயங்காலம் வந்து அடக்கம் மட்டும் செய்துவைத்தார். பெட்டி எங்கள் கோயிலைத் தாண்டிப் போனது. மணி சும்மா தொங்கியது. ஞானப்பூ தலையைத் தூக்கி மணிக்கூண்டைப் பார்த்தாள், அப்புறம் வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். பெட்டி தறி ஷெட் பக்கம் போனபோது ஆறுமுகச்சாமி அண்ணாச்சி மெயின் சுவிட்சை இறக்கினார். நாற்பது தறியும் நின்றது. வேலைக்காரர்கள் எல்லாரும் தலையில் பஞ்சோடு ரோட்டோரம் வந்து நின்றார்கள். ஊரே திரளுகிற ஆடித்தபசுத் திருவிழாவுக்குக்கூட அரை நாள்தான் ஷெட்டை மூடுகிற மனுஷன், பெட்டி கல்லறைத் தோட்டத்துக்குள் போகிறவரை சுவிட்சைப் போடவே இல்லை. நெற்றி நிறைய விபூதி பூசின அந்த மனுஷனுக்குத் தெரிந்தது இருபத்தாறு வருஷம் கோயிலில் கிடக்கிற எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஞானப்பூ திருவிருந்து எடுக்கவில்லை.

மாசத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் கொடுப்பதற்கு முன்னால், பிறரோடு சமாதானமாய் இருக்கிறவர்கள் கிட்டே வாருங்கள் என்று ஐயர் கூப்பிடுவார். மொத்தச் சபையும் எழுந்து போகும். ஒருத்தனை ஒருத்தன் போலீஸ் ஸ்டேஷன்வரை இழுத்தவர்கள்கூடப் பக்கத்துப் பக்கத்தில் முழங்கால் போட்டு வாங்குவார்கள். ஞானப்பூ மட்டும் மூன்றாவது பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருப்பாள். மாற்றலாகி வந்த புது ஐயர் ஒரு நாள் கேட்டார், "ஏம்மா நீங்க வரமாட்டேங்கிறீங்க?"

"ரெண்டு பேரு மேல கோவத்துல இருக்கேன் ஐயரே. சமாதானமா இருக்கேன்னு பொய் சொல்லிட்டு வந்து முழங்கால் போடச் சொல்லுதீங்களா?"

"அவங்கள மன்னிச்சிருங்கம்மா."

"நீங்க சுளுவா சொல்லிருவீங்க. செத்தது ஒங்க வீட்டு ஆளா?"

அவள் அதை வேண்டாம் என்று விட்டவள் இல்லை. திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை பீடத்து விரிப்பை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுக் கொண்டுவருவாள். ஒரு சுருக்கம் இருக்காது. மறுநாள் அந்த விரிப்பின்மேல் அப்பத்தை வைத்ததும் கண்ணெடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். பசியோடு பந்திக்கு வெளியே நிற்கிற முகம். அந்த முகத்தை நான் மாசாமாசம் பார்த்தேன்.

நான் என்ன செய்தேன்? எல்லாரும் வாங்கி முடித்ததும், கடைசி ஆளாகப் போய் முழங்கால் போட்டு வாங்கிக்கொண்டேன். நாலு வருஷம். ஒரு மாசம் தவறவில்லை. அவள் சொன்ன ரெண்டு பேரில் ஒருத்தன் நான் என்று தெரிந்தேதான் போனேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவள் வீட்டு வாசலில் போய் நின்று 'தப்பு பண்ணிட்டேன் தாயி' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மாசக் கடைசியில் அவள் டின்னைக் கொண்டுவந்து கொட்டும்போது முறத்தை நீட்டக் கை வந்தது. அந்த அரிசியைப் பொங்கித் தின்ன வாய் வந்தது.

இந்தச் சித்திரையில் எபனேசர் சாருக்கு முடியாமல் போனது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தார். கோயிலில் மூன்று தடவை அவருக்காக ஜெபித்தார்கள். பதினோராம் நாள் காலை ஒன்பது மணிக்குச் செத்துப்போனார் என்று சேதி வந்தது. கமிட்டி பொருளாளர் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"மணிய அடியும்வே. எழுபத்து நாலு."

நான் மணிக்கூண்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். "கயிறு சிக்கிட்டு" என்றேன்.

"என்னவே வெளையாடுதீரு? சிக்குனா எடுத்து விடும்."

"எடுக்க முடியாது. கை வலிக்கி. ரூலு ஏதாவது இருந்தா எழுதி ஒட்டுங்க, நானே பசை காய்ச்சித் தாரேன்."

அவர் ஐயரைத் தேடி ஓடினார். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு குளுகுளு என்று இருந்தது தெரியுமா? நாலு வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷம் இல்லை. சற்குணத்துக்கு நியாயம் செய்துவிட்டேன் என்றே நினைத்தேன். இனி வேலை போனாலும் மயிரே போச்சு.

அப்போதுதான் ஞானப்பூ கேட்டுக்குள் நுழைந்தாள். ஷெட்டிலிருந்து நேரே வந்திருக்கிறாள், தலை, புருவம் எல்லாம் பஞ்சு. நாலு வருஷத்துக்குப் பிறகு என் முன்னால் நின்று வாய் திறந்தாள்.

"ஏன் மணி அடிக்கல?"

"அவனுக்கா? நான் அடிக்க மாட்டேன் ஞானப்பூ. சற்குணத்துக்கு அடிக்காத மணி இவனுக்கு என்னத்துக்கு? கெடக்கட்டும், சும்மா போகட்டும்." அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன், மடையன்.

அவள் முகம் சிவந்தது. "ஓஹோ. என் மாப்பிள்ளைக்காவ கோவப்படுதீரோ? அன்னைக்கு எங்கன வே போச்சு இந்தக் கோவம்? பெட்டி இந்த வழியாத்தான போச்சு? நீரு இந்த வாசல்லதான நின்னீரு?"

நான் இடுப்பில் செருகிய சாவியைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"கேளும். என் டின்னுல ரெண்டு பேரு பேரு விழவே மாட்டேன்னு நின்னுச்சு. உம்ம பேரு, அந்த ஆளு பேரு. அரிசியக் கையில பிடிச்சிக்கிட்டு அடுப்படியில நிப்பேன். உலை கொதிச்சி வத்திப்போவும். ஆண்டவரே, இவனுவளுக்கு என்னால முடியாது, நீரே பாத்துக்கிடும்னு கத்துவேன். அவரு விடல. கையக் கீழ விடவும் விடல, அந்தப் பிடிக்கு வேற பேரு சொல்லவும் விடல. உம்ம பேரச் சொல்ல ஒன்றரை வருசம் ஆச்சு வே எனக்கு. மனசு நெறைஞ்சி சொன்னேன்னு நெனைக்காதேயும். பல்லக் கடிச்சிக்கிட்டுச் சொன்னேன். அன்னையிலேருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பிடி உமக்கு. அதத்தான் பொங்கித் தின்னுக்கிட்டு இருக்கீரு."

படியிலிருந்து எழுந்து நின்றேன்.

"அந்த ஆளு பேரு இன்னைக்குக் காலைலதான் வாயில வந்துச்சு. பத்து நாளா ஆஸ்பத்திரியில கெடக்கான், ஜெபிங்க ஜெபிங்கன்னாவ. கேட்டுக்கேட்டு எரிச்சலாப் போச்சு. இன்னைக்குக் காலைல, 'இந்தாரும் ஆண்டவரே, அந்தக் கரிமுடிவான் எபனேசருக்கும்'னு சொல்லி டின்னுல எறிஞ்சேன். அடுப்படி பூரா செதறிட்டு. ஒவ்வொண்ணா பொறுக்கிப் போட்டுட்டு ஷெட்டுக்கு வாரேன், ஆளு போயிட்டான்னு சொல்லுதாவ. நாலு வருசம் பட்ட பாட்டுல நான் போட்ட ஒத்தப் பிடிவே அது. அதை நீரு மண்ணுல கொட்டப் பாக்கீரா? எடும் சாவிய."

எடுத்தேன். கயிற்றைப் பிடித்து எண்ணத் தொடங்கினேன். எழுபத்து நாலு அடி. கணக்குப் பிசகவில்லை. பொருளாளரும் ஐயரும் வந்து கீழே நின்றார்கள். எழுபத்து நாலு முடிந்தது. நான் கயிற்றை விடவில்லை. திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினேன். கையா, மனசா, எது இழுத்தது என்று எனக்குத் தெரியாது.

"வே, முடிஞ்சிட்டுவே! யாருக்கு அடிக்கீரு?" என்று பொருளாளர் கத்தினார். "சற்குணத்துக்கு. கொஞ்சம் பிந்திப் போச்சு" என்று சொல்லிவிட்டு இழுத்துக்கொண்டே இருந்தேன். அவர் உள்ளே வரப் பார்த்தார். புது ஐயர் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார், கர்த்தர் அவரை நன்றாக வைக்கட்டும். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, மூக்கைச் சிந்தக் கை இல்லை. முடித்துவிட்டேன் என்று நினைத்துக் கயிற்றை விட்டேன்.

ஞானப்பூ சுவரில் சாய்ந்து நின்றவள் தலையை நிமிர்த்தினாள். "அம்பத்தி ரெண்டுதான் ஆச்சு. என் மாப்பிள்ளைக்கு அம்பத்தி மூணு. ஒண்ணு கொறையுது, அடியும்" என்றாள்.

இன்னொன்று அடித்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிப் போனாள்.

மறு வாரம் திருவிருந்து. ஐயர் கூப்பிட்டார். சபை பெஞ்சு பெஞ்சாக எழுந்தது. மூன்றாவது பெஞ்சில் ஞானப்பூவும் எழுந்தாள். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காரிகள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். நான் எப்போதும்போல வாசல் பக்கம் கடைசி பெஞ்சில் இருந்தேன். ஆனால் அன்றைக்கு எனக்குப் போக முடியவில்லை. நாலு வருஷம் எந்த வாயோடு போய் வாங்கினேன் என்று நினைத்தாலே உடம்பெல்லாம் கூசியது. இனி இந்தப் பெஞ்சுதான் எனக்கு என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

பாதி வழி போன ஞானப்பூ நின்றாள். பாட்டும் இல்லாத அமைதி அது, யாரும் இருமக்கூட மாட்டார்கள். அவள் திரும்பி, நடுவழியிலேயே நின்று, தறி ஷெட்டில் பேசுகிற தொண்டையில் கூப்பிட்டாள்.

"தேவசித்தண்ணாச்சி! என்ன வே அங்கன உக்காந்துட்டீரு? ரெண்டு பேரு மேல கோவம்னு நாலு வருசமா உக்காந்திருந்தேன். ஒருத்தன் போய்ச் சேந்துட்டான். நீரும் வரலன்னா, நான் யாருகூட சமாதானம்னு சொல்லி அங்கன முழங்கால் போடுவேன்? எத்தன பிடி தின்னிருக்கீரு! எந்திரியும்."

ஐயர் அப்பத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவளுக்குக் கோபம் கொஞ்சமும் குறையவில்லை, முகத்திலேயே தெரிந்தது. நான் எழுந்து போனேன்.